இரத்தத்தின் வழியைச் சொன்ன ஆலிம்: இப்னுந் நஃபீஸ் (ரஹ்)

எக்மோ என்ற சொல்லைத் தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகள் முதன்முதலாகக் கேட்டது 2016 டிசம்பரில். அன்றைய முதல்வர் ஜெயலலிதாவுக்கு 4ஆம் தேதி மாலை இதயத்துடிப்பு நின்றுபோனது. சென்னை அப்போலோ மருத்துவமனையில் அந்தக் கருவி பொருத்தப்பட்டது. மறுநாள் இரவு அவர் காலமானார். 2020இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் கொரோனா பாதிப்பால் வாரக்கணக்கில் அதே கருவியின் துணையோடு இருந்து, செப்டம்பர் 25 அன்று மறைந்தார். இந்த இரண்டு செய்திகளும் மக்கள் மனதில் ஒரு தீர்ப்பை எழுதிவிட்டன. எக்மோ வைத்துவிட்டார்கள் என்றால் இனி ஆள் தேறமாட்டார் என்பதே அந்தத் தீர்ப்பு.

அதனால்தான், மூச்சுக்குழாய் ஆபரேஷனுக்காகக் கோவைக்கோ சென்னைக்கோ அனுப்பப்படும் ஒரு திருப்பூர்க் குடும்பத்திடம், ஆபரேஷன் நேரத்தில் எக்மோ தேவைப்படலாம் என்று மருத்துவர் சொன்னால் வீடே கலங்கிவிடுகிறது. மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகள் பள்ளிவாசலுக்கு வருகின்றன. நுரையீரலை நிறுத்திவிட்டு இயந்திரத்தால் உயிரைப் பிடித்துவைப்பது அல்லாஹ்வின் ஏற்பாட்டில் கை வைப்பதாகாதா? அதற்குச் செலுத்தும் மருந்து ஹலாலா? கையெழுத்துப் போடலாமா, கூடாதா?

இவற்றுக்கு ஓரிரு வரிகளில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் பயம் ஓரிரு வரிகளில் போவதில்லை. எனவே ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறோம். அவர் ஒரு ஆலிம். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபகீஹ். எகிப்தின் தலைமை மருத்துவர். இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, மீண்டும் இதயத்துக்கு வருகிறது என்பதை உலகில் முதன்முதலாக எழுதிவைத்தவர் என்று இன்று அறியப்படுபவர். எக்மோ கருவி செய்வதெல்லாம் அவர் சொன்ன அந்த வழியில் ஒரு பகுதியை உடம்புக்கு வெளியே அமைத்துக் கொடுப்பதுதான்.

திமிஷ்க் தந்த மாணவர்

அவரது முழுப்பெயர் அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்-கர்ஷீ. மக்கள் அவரை இப்னுந் நஃபீஸ் என்று அழைத்தார்கள். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கி.பி. 1210ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிரியாவின் திமிஷ்க் நகருக்கு அருகில் பிறந்தார். சிலுவைப் போர்களும் அரச குடும்பச் சண்டைகளும் ஓயாத காலம் அது. அவர் நடுவயதை எட்டியபோது, 1258இல், மங்கோலியர்கள் பக்தாதை அழித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் திமிஷ்க்கும் அவர்கள் கைக்குப் போனது. நூலகங்கள் எரிந்த அந்தக் காலத்தில்தான் இந்த மனிதர் நூல்களை எழுதிக் குவித்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

திமிஷ்க்கில் நூருத்தீன் ஸங்கி (ரஹ்) 1154இல் கட்டிய நூரி மருத்துவமனை இருந்தது. அங்கேதான் இளைஞர் இப்னுந் நஃபீஸ் மருத்துவம் படித்தார். அவருடைய ஆசிரியர் முஹத்தபுத்தீன் அத்-தக்வார். அந்தப் பெரியவர் தமது சொந்த வீட்டையே மருத்துவம் கற்பிக்கும் மதரஸாவாக வக்ஃப் செய்தவர். ஆசிரியரின் இந்தச் செயல் மாணவரின் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதை அவருடைய வஸிய்யத்தில் காண்போம்.

மருத்துவத்தோடு அவர் நிற்கவில்லை. ஃபிக்ஹ், உஸூல், ஹதீஸ் கலை, அரபு இலக்கணம், மன்திக் எல்லாவற்றிலும் தேர்ந்தார். இன்று நாம் பிள்ளைகளிடம் மதரஸாவா, டாக்டர் படிப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு கேள்வியே எழவில்லை.

கெய்ரோவில்

வாலிபப் பருவத்திலேயே அவர் எகிப்துக்குப் புறப்பட்டார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் கெய்ரோவில்தான். அங்கே அல்-மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹ் கற்பித்தார். இமாம் அபூ இஸ்ஹாக் அஷ்-ஷீராஸீ (ரஹ்) அவர்களின் அத்-தன்பீஹ் என்ற ஃபிக்ஹ் நூலுக்கு விரிவுரை எழுதினார். ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த இமாம் தாஜுத்தீன் அஸ்-ஸுப்கீ (ரஹ்), அந்தப் பெருநூலில் இவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். மருத்துவராக இருந்ததற்காக அல்ல, ஃபகீஹாக இருந்ததற்காக.

இன்னொரு பக்கம் அவர் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தார். நாளடைவில் எகிப்தின் தலைமை மருத்துவர் ஆனார். சுல்தான் பைபர்ஸின் மருத்துவராகவும் இருந்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

எழுதும்போது அவருக்குப் புத்தகம் தேவைப்படாது. சீவிய பேனாக்களைக் கத்தையாக முன்னால் வைத்துவிடுவார்கள். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நினைவிலிருந்தே எழுதுவார். ஒரு பேனா மழுங்கினால் அதைச் சீவிக்கொண்டிருக்க மாட்டார். போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். ஒருமுறை ஹம்மாமில் குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து, உடை மாற்றும் இடத்துக்கு வந்து, பேனாவும் மையும் தாளும் கேட்டு வாங்கி, நாடித்துடிப்பு பற்றி ஒரு நூலை எழுதி முடித்தபிறகு திரும்பப் போய்க் குளியலை முடித்தாராம். அஷ்-ஷாமில் என்ற மருத்துவக் களஞ்சியத்தை 300 பாகங்களாகத் திட்டமிட்டு, 80 பாகங்களை எழுதி முடித்தார்.

மருந்து எழுதுவதில் அவர் சிக்கனக்காரர். உணவால் தீரும் என்றால் மருந்துக்குப் போக மாட்டார். ஒற்றை மூலிகையால் தீரும் என்றால் கலவை மருந்துக்குப் போக மாட்டார். அவர் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்த கடையின் மருந்து வியாபாரிக்கு இதில் வருத்தம். கஞ்சியும் சாப்பாடும் எழுதிக்கொடுப்பதாக இருந்தால் இறைச்சிக் கடையில் போய் உட்காருங்கள், என் கடையில் இருந்தால் மருந்தாக எழுதுங்கள் என்று அவர் குறைபட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். இன்றைக்கும் இந்தக் கதை புரியாதவர் யாரும் இல்லை.

சுவரில் துளை இல்லை

ஹிஜ்ரி 640, அதாவது கி.பி. 1242. இப்னுந் நஃபீஸுக்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும். இப்னு ஸீனாவின் அல்-கானூன் நூலில் உள்ள உடற்கூறு பகுதிகளுக்கு அவர் ஒரு விரிவுரை எழுதினார். அந்த நூலில்தான் அந்தச் செய்தி இருக்கிறது.

அதற்கு முன் சுமார் ஆயிரம் ஆண்டுகளாக மருத்துவ உலகம் கிரேக்க மருத்துவர் காலன் சொன்னதையே நம்பிவந்தது. இதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, இரத்தம் அவற்றின் வழியே கசிந்து இடப்பக்கம் போகிறது என்பது அவர் கொள்கை. அதற்கு எதிராகப் பேசுவது சாதாரணக் காரியம் அல்ல.

இப்னுந் நஃபீஸ் அதை மறுத்தார். அந்தச் சுவர் கெட்டியானது, அதில் வெளிப்படையான துளையும் இல்லை, மறைவான துளையும் இல்லை என்று எழுதினார். அப்படியானால் வலது அறையின் இரத்தம் இடது அறைக்கு எப்படி வந்துசேர்கிறது? அது ஒரு பெரிய குழாய் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே பரவிக் காற்றோடு கலக்கிறது. பிறகு இன்னொரு குழாய் வழியாக இதயத்தின் இடது அறைக்குத் திரும்புகிறது. இந்த இரண்டு குழாய்களுக்கும் இடையே நுரையீரலுக்குள் நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். அந்த நுண்ணிய வழிகளை 1661இல்தான் இத்தாலியர் மால்பிகி நுண்ணோக்கி வைத்துத் தவளையின் நுரையீரலில் கண்டார்.

இதயத் தசைக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்பதிலும் அவர் முன்னோர்களிடமிருந்து மாறுபட்டார். அறைக்குள் நிற்கும் இரத்தத்திலிருந்து அல்ல, அந்தத் தசைக்குள்ளேயே ஓடும் குழாய்களிலிருந்து என்றார். இன்று நெஞ்சுவலி வந்தவருக்கு ஆஞ்சியோ செய்து பார்ப்பது அந்தக் குழாய்களைத்தான்.

ஷரீஅத்தும் தம் மனதில் உள்ள இரக்கமும் உடல்களை அறுத்துப் பார்க்கத் தம்மைத் தடுத்ததாக அவர் அந்த நூலின் முன்னுரையில் சொல்கிறார். ஆனாலும் உடற்கூறு ஆய்வு காலனின் கூற்றைப் பொய்யாக்குகிறது என்றும் எழுதுகிறார். இதை வைத்து ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நமக்குத் தெரிவது ஒன்று. அவர் ஒரு ஃபகீஹ். ஆதாரங்களை எதிரெதிரே வைத்து எடைபோட்டு, வலுவானதை ஏற்று, பலவீனமானதை மரியாதையோடு விட்டுவிடும் பயிற்சி மதரஸாவில் அவருக்குக் கிடைத்திருந்தது. காலனும் இப்னு ஸீனாவும் மேதைகள் என்று அவர் மதித்தார். மதித்துக்கொண்டே மறுத்தார்.

அவர் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்று நாம் சொல்லவில்லை. இரத்தமும் காற்றும் கலந்து உயிர்ச்சக்தி உண்டாகிறது என்ற அக்காலக் கருத்தையே அவரும் கொண்டிருந்தார். ஆக்ஸிஜன் என்ற வாயு அப்போது யாருக்கும் தெரியாது. உடல் முழுவதும் இரத்தம் சுற்றிவருவதை 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி விளக்கினார். ஆனால் இதயத்திலிருந்து நுரையீரல், நுரையீரலிலிருந்து இதயம் என்ற வழியை அதற்கு 386 ஆண்டுகளுக்கு முன்பே கெய்ரோவின் ஆலிம் எழுதிவிட்டார்.

அந்த வழியில் ஒரு மாற்றுப் பாதை

இப்போது ஆபரேஷன் தியேட்டருக்கு வருவோம்.

எந்தப் பெரிய அறுவை சிகிச்சையிலும் மயக்க மருந்து நிபுணர் மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூபைச் செலுத்தி, அதன் வழியே நுரையீரலுக்கு ஆக்ஸிஜன் கொடுப்பார். ஆனால் நோய் மூச்சுக்குழாயிலேயே இருந்தால்? பெரியவர்களின் மூச்சுக்குழாய் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம்தான். அதற்குள் ஒரு கட்டி வளர்ந்திருக்கலாம். வென்டிலேட்டரில் நெடுநாள் இருந்து பிழைத்தவர்களுக்கு டியூப் உராய்ந்த இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம். கொரோனாவுக்குப் பிறகு இப்படிப் பலர் அவதிப்பட்டார்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்தக் குழாய் குறுகியிருக்கும். டியூப் உள்ளே போக வழியில்லை. மயக்கம் கொடுத்துத் தசைகள் தளர்ந்ததும் இருக்கிற சிறு வழியும் மூடிக்கொள்ளலாம். ஆக்ஸிஜன் நின்றால் மூளைக்குச் சில நிமிடங்கள்தான் அவகாசம்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு மருத்துவர்கள் வேறு உபாயங்களால் சமாளித்துவிடுவார்கள். குறுகிய இடத்துக்குக் கீழே டியூப் வைப்பார்கள். மெல்லிய குழாய் வழியே வேகமாக ஆக்ஸிஜனைப் பீய்ச்சுவார்கள். அவை போதாது என்று தெரிந்த சிலருக்குத்தான் எக்மோ.

தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய சிரையில் ஒரு குழாயைச் செருகி, இதயத்துக்குப் போகும் இரத்தத்தை வெளியே எடுக்கிறார்கள். பம்ப் அதை ஒரு பெட்டிக்குள் தள்ளுகிறது. அங்கே ஆக்ஸிஜன் ஏறுகிறது, கரியமில வாயு வெளியேறுகிறது. பிறகு உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து இன்னொரு குழாய் வழியாக உடம்புக்குள் திருப்பி அனுப்புகிறார்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் வரை இப்படி ஓடும். இதயம் நல்ல நிலையில் இருந்தால் சிரையில் எடுத்துச் சிரையிலேயே விடுவார்கள். அந்த இரத்தம் வலது அறை, நுரையீரல், இடது அறை என்று இப்னுந் நஃபீஸ் சொன்ன அதே வழியில்தான் போகும். ஒரே வித்தியாசம், காற்றோடு கலக்கும் வேலை முன்பே முடிந்துவிட்டது. நுரையீரல் ஓய்வாக இருக்கலாம். அறுவை மருத்துவர் அவசரமில்லாமல் மூச்சுக்குழாயைத் திறந்து, சுருங்கிய பகுதியை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கலாம். தையல் முடிந்து நுரையீரல் மறுபடி வேலையைத் தொடங்கியதும் கருவியைக் கழற்றிவிடுவார்கள். பலருக்கு அன்றைக்கே கழற்றப்படும். சிலருக்குச் சில நாட்கள் ஆகும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நம் ஊர்க்காரர்கள் வியப்பார்கள். உள்ளே இருப்பவை நூல்கள். முடி போன்ற மெல்லிய, நடுவில் குழல் உள்ள பிளாஸ்டிக் நூல்கள், ஆயிரக்கணக்கில். குழலுக்குள் ஆக்ஸிஜன் ஓடும், வெளியே இரத்தம் ஓடும். நூலின் சுவர் வழியாக வாயுக்கள் இடம் மாறும். பல கருவிகளில் இந்தக் குழல் நூல்களை இழை கொடுத்துப் பாய்போலப் பின்னி அடுக்குகிறார்கள். நுரையீரலுக்குள் நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்று அந்த ஆலிம் சொன்ன இடத்தில், மனிதன் இன்று பின்னல் வேலை செய்து வைத்திருக்கிறான். பின்னலாடையால் சோறு உண்ணும் திருப்பூருக்கு இதைவிட எளிதாக அதை விளக்க முடியாது.

இந்தப் பாதை ஒரே நாளில் வந்ததல்ல. 1931இல் நுரையீரல் குழாய் அடைத்த ஒரு பெண்மணியின் மரணத்தை இரவெல்லாம் அருகிலிருந்து பார்த்த அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன், இரத்தத்தை வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்ற முடியாதா என்று சிந்தித்தார். 22 ஆண்டுகள் உழைத்து, 1953 மே 6 அன்று 18 வயதுப் பெண் ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சையில் அதைச் சாதித்தார். 1971இல் இப்படியொரு கருவியில் சில நாட்கள் இருந்த ஒரு இளைஞர் பிழைத்தார். 1975இல் பிறந்த குழந்தை ஒன்று பிழைத்தது. பிழைக்கவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதை இன்று திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குத் துணையாகப் பயன்படுத்துகிறார்கள். கடைசி முயற்சியாக வைக்கப்படும் எக்மோவும், ஆபரேஷன் நடக்கும் சில மணி நேரத்துக்கு வைக்கப்படும் எக்மோவும் கருவியால் ஒன்று, நோக்கத்தால் வேறு. செய்தியில் பார்த்ததை வைத்து நம் வீட்டு நோயாளிக்கும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மூன்று நேரங்கள்

அஷ்-ஷாமிலின் பெரும்பகுதி காலத்தில் மறைந்துவிட்டது. கிடைத்த பாகங்களில் அறுவை சிகிச்சை பற்றிய பகுதியும் உண்டு. அதில் இப்னுந் நஃபீஸ் ஒரு சிகிச்சையை மூன்று நேரங்களாகப் பிரிக்கிறார். முதலாவது, நோயாளி தம்மை மருத்துவரிடம் ஒப்படைக்கும் நேரம். நோயை இனம்காணும் நேரம். இரண்டாவது, கத்தி வைக்கும் நேரம். மூன்றாவது, பேணும் நேரம். நோயாளியும் அவரைக் கவனிப்பவர்களும் பொறுமையோடு குணத்தைக் காக்கும் நேரம். ஒவ்வொன்றிலும் மருத்துவர், நோயாளி, பணிவிடை செய்பவர் ஆகிய மூவரின் கடமைகளையும் எழுதுகிறார். நோயாளியை எப்படிப் படுக்கவைப்பது, கருவியை எப்படிப் பிடிப்பது என்பதுவரை சொல்கிறார்.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டாவது நேரத்தைப் பற்றி மட்டுமே கவலைப்படுகின்றன. முதல் நேரத்தில் வாய் திறப்பதில்லை. எக்மோ என்று சொல்லப்பட்டால் கேட்க வேண்டியவை உண்டு. இது ஏன் தேவை, வேறு வழி பார்த்தாயிற்றா? எவ்வளவு நேரம் வைப்பீர்கள்? இரத்தப்போக்கு, இரத்தக்கட்டி, கிருமித்தொற்று, குழாய் செருகிய காலுக்குப் பாதிப்பு ஆகிய ஆபத்துகள் இவருக்கு எந்த அளவு? நினைத்தபடி நடக்காவிட்டால் எந்தக் கட்டத்தில் என்ன முடிவு எடுப்பீர்கள்? செலவு லட்சக்கணக்கில் ஆகும், இ.எஸ்.ஐ., முதல்வர் காப்பீடு, தனியார் காப்பீடு எதில் எவ்வளவு கிடைக்கும்? இதையெல்லாம் கேட்பது மருத்துவரை அவமதிப்பது அல்ல. ஒப்படைக்கும் நேரத்தின் உரிமை அது.

கேள்வி கேட்கும் நேரமே வராமல் தடுக்கவும் சில வழிகள் உண்டு. தையலுக்கு உட்காருபவர்கள் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வார்கள். நம் பெண்பிள்ளைகள் மக்கனா கட்டும்போது பின்னை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார்கள், சிரிப்பார்கள். ஒரு மூச்சு இழுப்பில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முஸ்லிம் நாடுகளின் மருத்துவர்கள் இதைப் பற்றித் தனியாகவே கட்டுரைகள் எழுதும் அளவுக்கு இது நடக்கிறது. பின்னை வாயில் வைக்காதே என்று தாய் சொல்லும் ஒரு வார்த்தை ஓர் ஆபரேஷனைத் தவிர்க்கும்.

கடைசி ஆறு நாட்கள்

ஹிஜ்ரி 687 துல்கஅதா மாதம், கி.பி. 1288 டிசம்பர். எண்பதை நெருங்கிய இப்னுந் நஃபீஸ் நோயில் விழுந்தார். ஆறு நாட்கள். உடனிருந்த மருத்துவ நண்பர்கள் மருந்தாகச் சிறிது மது அருந்தச் சொன்னார்கள். அக்கால மருத்துவத்தில் அது வழக்கம். அவர் மறுத்துவிட்டார். உடலில் மதுவை வைத்துக்கொண்டு அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இந்தச் சம்பவத்தை நாம் பயான்களில் பெருமையோடு சொல்கிறோம். இதை வைத்தே இன்னொரு கேள்வியும் எழுகிறது. எக்மோவில் இரத்தம் பிளாஸ்டிக் குழாய்களைத் தொட்டதும் உறையத் தொடங்கும். அதைத் தடுக்க ஹெபாரின் என்ற மருந்தைச் செலுத்துகிறார்கள். இன்று உலகில் பயன்படும் ஹெபாரினில் பெரும்பகுதி பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. அப்படியானால் இப்னுந் நஃபீஸைப் போல நாமும் மறுத்துவிட வேண்டுமா?

இங்கே அவர் ஃபகீஹ் என்பது நினைவுக்கு வர வேண்டும். அவருடைய மத்ஹபின் நிலைப்பாடு தெளிவானது. அவர் காலத்தில் சிரியாவில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அதை விரிவாக எழுதியிருக்கிறார். கலப்பற்ற மதுவை மருந்தாகக் குடிப்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபின் சரியான கருத்துப்படி அனுமதி இல்லை. மது அல்லாத மற்ற அசுத்தப் பொருட்களை, தூய்மையான மாற்று கிடைக்காத நிலையில், மருந்தாகப் பயன்படுத்த அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்களும், மாற்று இல்லை என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் அனுமதிக்கிறார்கள். ஆகவே மரணப்படுக்கையில் அவர் மதுவை மறுத்தது வெறும் உணர்ச்சியில் செய்ததல்ல. தாம் கற்ற சட்டத்தின்படி நடந்தது. அந்தச் சட்டமே ஹெபாரின் விஷயத்தில் நோயாளிக்கு வழி திறந்துவைத்திருக்கிறது. செயற்கையாகத் தயாரிக்கப்படும் மாற்று மருந்துகளும் இருக்கின்றன. இவருக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பொருந்தாது என்றால் தயங்கி நேரத்தைக் கடத்தி ஓர் உயிரை இழக்க மார்க்கம் சொல்லவில்லை. குறிப்பிட்ட நோயாளியின் நிலைமையைத் தங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் எடுத்துச்சொல்லித் தெளிவு பெறுவது நல்லது.

முதல் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. கருவி உயிரைக் கொடுப்பதில்லை. அது ஒரு ஸபப், ஒரு காரணி மட்டும். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். அல்லாஹ் படைத்த வழியை அறிந்து, அதே வழியில் இரத்தத்தை அனுப்பிவைப்பது அவனுடைய ஏற்பாட்டை எதிர்ப்பதாகாது. அந்த வழியை முதலில் எழுதியவர் ஓர் ஆலிமாக இருந்ததும் தற்செயல் அல்ல என்றே நாம் கருதுகிறோம்.

வீடும் நூலகமும்

இப்னுந் நஃபீஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. கெய்ரோவில் அழகான வீடு கட்டியிருந்தார். அரிய நூலகம் இருந்தது, செல்வம் இருந்தது. அவர் இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1284இல், சுல்தான் கலாவூன் கெய்ரோவில் மன்ஸூரி மருத்துவமனையைக் கட்டியிருந்தார். ஏழை, பணக்காரர் வேறுபாடின்றி நோயாளிகள் சேர்க்கப்பட்ட இடம் அது. வீடு, நூல்கள், சொத்து எல்லாவற்றையும் அந்த மருத்துவமனைக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். திமிஷ்க்கின் ஆசிரியர் வீட்டைக் கொடுத்தார். கெய்ரோவின் மாணவர் வீட்டோடு நூலகத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஆனால் அவருடைய பெரிய கண்டுபிடிப்புக்கு நேர்ந்தது வேறு. அவர் எழுதிய அல்-மூஜஸ் என்ற சுருக்க நூல் எங்கும் பரவியது. அதன் விரிவுரைகள் நம் இந்தியாவின் யூனானி மருத்துவக் கல்வியில்கூடப் பாடமாக இருந்தன. நுரையீரல் வழியைச் சொன்ன நூலோ பரவலாகப் படிக்கப்படவில்லை. அவருடன் படித்த இப்னு அபீ உஸைபிஆ மருத்துவர்களின் வரலாற்றை எழுதியபோது இவருக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கவில்லை. 1924இல்தான் முஹ்யித்தீன் அத்-ததாவீ என்ற எகிப்திய மருத்துவர், பெர்லின் நூலகத்தில் இருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்து, ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வில் அதை வெளிக்கொணர்ந்தார். கெய்ரோவில் வாழ்ந்த கண் மருத்துவர் மாக்ஸ் மேயர்ஹோஃப் அதை உலகறியச் செய்தார். அந்த ஏடு எழுதப்பட்டு அப்போது 682 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் முன்னோர் கண்டுபிடித்தார்கள் என்று பெருமை பேசுவது எளிது. நம்மிடையே இருந்த ஏட்டை நாம் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வருடந்தோறும் பிளஸ் டூ முடித்துவிட்டு நேராகக் கட்டிங் டேபிளுக்கும் செக்கிங்குக்கும் போகும் நம் பிள்ளைகளில், ஒரு நர்ஸாக, ஒரு மயக்க மருந்து டெக்னீஷியனாக, எக்மோவை இயக்கும் பெர்ஃப்யூஷன் நிபுணராக ஆகக்கூடியவர்கள் எத்தனை பேர்? பெர்ஃப்யூஷன் என்று ஒரு படிப்பு இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஜமாஅத்தும் வருடத்துக்கு ஒரு பிள்ளையை இப்படிப் படிக்கவைத்தால், அது இப்னுந் நஃபீஸின் வஸிய்யத்துக்கு நாம் செய்யும் பதிலாக இருக்கும். அவசரச் சிகிச்சைக்கு ஒரு நிதியை முன்கூட்டியே சேர்த்துவைத்தால், வாட்ஸ்அப்பில் உதவி கேட்டுக் கையேந்தும் நிலை ஒரு குடும்பத்துக்காவது குறையும்.

எகிப்தில் அடங்கியிருக்கும் அந்தப் பெரியவரின் கப்ரை அல்லாஹ் விசாலமாக்குவானாக. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இந்த நேரம் தஸ்பீஹோடு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தாய்க்கும் தகப்பனுக்கும் ஷிஃபாவின் செய்தியைத் தருவானாக. ஆமீன்.